பல்லும் சொல்லும்

எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறவந்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினை எண்ணுகின்றார். இவ்வெட்டனுள் நாம் பிறந்த பின்னர் முளைப்பதும், ஒருமுறை விழுந்து மறுமுறை முளைப்பதும், நம் கவனக்குறைவு ஒன்றினாலேயே முற்றும் இழக்கத்தக்கதும் பல் மட்டுமே. தகரமும் நகரமும் பிறக்க நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். வகரம் பிறக்க மேற்பல்லும் கீழிதழும் கூட வேண்டும். பல் போனால் சொல் போகும் என்னும் ஊர்வழக்கு வெறும் கேலி அன்று. அது பிறப்பியல் உண்மை.

எனக்குப் பிறப்பியலைப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தபின் ஒவ்வொரு பல்லாக இழந்தார். வலி வரும், மாத்திரை விழுங்குவார், வலி நின்றுவிடும், சில மாதங்கள் கழித்துக் கன்னம் வீங்கும், பல்லைப் பிடுங்கிவிட்டு வருவார். பதினைந்து ஆண்டுகளில் வாய் வெறுமையாயிற்று. மேடைதோறும் கணீரென முழங்கியவர், இலக்கிய மன்றத் தொடக்க விழாவுக்கு நாங்கள் அழைக்கச் சென்றபோது, தோளிலிருந்த துண்டால் வாயை மறைத்துக்கொண்டு, "தகரமும் நகரமும் வரமாட்டேன் என்கின்றன, தம்பி. அவையின்றி நான் எந்தத் தமிழைப் பேசுவது?" என்றார். அவருடைய முப்பத்திரண்டு பற்களில் பெரும்பாலானவை காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவை என்று பின்னர்ப் பல் மருத்துவர் ஒருவர் சொல்லக் கேட்டபோது ஏற்பட்ட வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம். நான் மருத்துவன் அல்லன், தமிழாசிரியன். ஆயினும் அதன்பின் என் வீட்டில் தாயார் முதல் பெயர்த்தி வரை நான்கு தலைமுறையினரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றும், மருத்துவ நண்பர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன்.

வலி நின்றால் நோய் நின்றதா?

பல்லின் வெளியே நாம் காணும் வெண்ணிற உறைக்கு எனாமல் என்று பெயர். மனித உடலின் மிகக் கடினமான பொருள் இதுவே. ஆனால் இதில் உயிரணுக்கள் இல்லை. எனவே, முறிந்த எலும்பு கூடுவதுபோல் உடைந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அதனடியில் டென்டின் என்னும் சற்று மென்மையான பகுதியும், நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழும் உள்ளன.

வாயிலுள்ள நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப்பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலின் சுண்ணச்சத்து கரையத் தொடங்குகின்றது. பின்னர் உமிழ்நீர் அவ்வமிலத்தை மெல்ல மெல்லத் தணித்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியைத் திருப்பியும் தருகின்றது. இதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை ஆகும். அமெரிக்கரான ராபர்ட் ஸ்டீபன் 1940களில் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து காட்டினார். இதிலிருந்து பெறப்படும் உண்மை எளியது: எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதினும், ஒரு நாளில் எத்தனை முறை உண்டோம் என்பதே பல்லுக்கு முதன்மையானது. விருந்தில் ஒரே அமர்வில் இரண்டு லட்டு உண்பவரைவிட, காலை முதல் இரவு வரை மணிக்கொரு முறை சர்க்கரையிட்ட தேநீர் பருகுபவரின் பல் மிகுதியாகக் கரையும். (லட்டுப் பிரியர்கள் இதனைத் தமக்கு அளிக்கப்பட்ட சலுகையாகக் கொள்ள வேண்டா. நீரிழிவு வேறொரு வாயிலில் காத்திருக்கின்றது.)

சொத்தை நான்கு படிகளில் இறங்குகின்றது. முதற்படியில் பல்லின்மேல் சுண்ணாம்பு தடவியதுபோன்ற மங்கலான வெண்புள்ளி தோன்றும். இந்நிலையில் துளையிடவே தேவையில்லை. ஃப்ளூரைடு பூச்சினாலும் துப்புரவினாலும் அதனைத் தடுத்து நிறுத்தலாம், சில வேளைகளில் திருப்பவும் செய்யலாம். இரண்டாம் படியில் குழி விழுந்து, குளிர்நீர் பட்டால் சுரீரென்று கூசும். அப்போது சொத்தையைச் சுரண்டி அடைத்தால் பெரும்பாலும் ஒரே அமர்வில் வேலை முடியும். மூன்றாம் படியில் நோய் பற்கூழை எட்டுகின்றது. இரவில் படுத்தவுடன் தெறிக்கும் வலி இப்படிக்கு உரியது. இப்போது அடைத்தால் மட்டும் போதாது. வேர்ச் சிகிச்சை வேண்டும். நான்காம் படியில் வேரின் நுனியில் சீழ் கட்டி எலும்பு அரிக்கப்படும். இங்கும் பல பற்களைக் காக்க முடியும் எனினும், சிலவற்றைப் பிடுங்குவதன்றி வேறு வழியிராது.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில்தான் என் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் ஏமாந்தார். வீங்கிய பற்கூழ் மடிந்துவிட்டால் வலியை அறிவிக்கும் நரம்பும் அதனுடன் மடிகின்றது. நோயாளி, மாத்திரை நோயைத் தீர்த்துவிட்டது என்று மகிழ்கின்றார். உண்மையில் நோய் ஓசையின்றி எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றது. கடுமையாக வலித்த பல்லில் வலி தானாக நின்றால், அதுவே மருத்துவரிடம் விரைந்து செல்ல வேண்டிய நேரமாகும். வலிக்கும் பல்லருகே ஈற்றின்மேல் மாத்திரையைப் பொடித்து வைப்பதும் தவறு. அது ஈற்றைப் புண்ணாக்கும். கிராம்புத் தைலம் வலியைச் சிறிது நேரம் மரக்கச் செய்யுமேயன்றிச் சொத்தையை ஆற்றாது.

வேர்ச் சிகிச்சை என்றவுடன் பலரும் அஞ்சுகின்றனர். அதில் நடப்பது இவ்வளவே: ஊசியால் அவ்விடத்தை மரக்கச் செய்து, பற்கூழை அகற்றி, வேரினுள் இருக்கும் மெல்லிய குழல்களைத் துப்புரவு செய்து, ரப்பர் போன்றதொரு பொருளால் நிறைத்து மூடுகின்றனர். ஓர் அமர்விலோ இரண்டு மூன்று அமர்வுகளிலோ முடியும். அதன்பின் கடைவாய்ப்பல்லுக்கு உறை மாட்ட வேண்டும். மக்கள் இதனைக் 'கேப்' என்பர். உறைக்குச் செலவாகும் என்று விட்டுவிடுபவர் பலர். சில ஆண்டுகளில் அப்பல் நடுவே பிளந்து, செய்த செலவு அனைத்தும் வீணாகின்றது. உறைக்கும் சேர்த்துப் பணம் திரட்டிக்கொண்டு தொடங்குவதே அறிவுடைமை.

இங்கு ஒன்று நினைத்துப் பார்க்கத்தக்கது. 1846ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் அறுவை செய்யலாம் என்று உலகுக்குக் காட்டிய வில்லியம் மார்ட்டன் ஒரு பல் மருத்துவர். இன்று பல் மருத்துவர்கள் ஊசியில் ஏற்றும் லிடோகெய்ன் 1943ஆம் ஆண்டு சுவீடனில் உருவாக்கப்பட்டது. மனிதகுலத்துக்கு வலியின்மையை அறிமுகம் செய்த துறையைத்தான் நாம் வலிக்கு அஞ்சி ஒதுக்கி வைத்திருக்கின்றோம்!

ஆறு வயதுக் கடைவாய்ப்பல்

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதற்பல் முளைத்து, மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்களும் வந்துவிடுகின்றன. 'விழப்போகும் பல்தானே' என்று பாற்பல்லைப் புறக்கணிப்பது நம் வீடுகளில் வழக்கம். பாற்பல் உணவை மெல்வதற்கு மட்டும் உரியதன்று; பின்வரும் பல்லுக்கு இடம்பிடித்து வைப்பதும் அதுவே. அது காலத்துக்கு முன் போய்விட்டால் அண்டைப் பற்கள் அவ்விடத்தில் சாய்ந்துவிடும். புதிய பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். எனவே பாற்பல் சொத்தையையும் அடைக்க வேண்டும். பிடுங்க நேரின், இடத்தைக் காக்கும் சிறு கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடுதல் மேல் முன்பற்கள் கருகி உதிர்வதற்குப் பெருங்காரணம். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவு. சர்க்கரையிட்ட பால் இரவு முழுதும் பல்லில் தேங்கி நிற்கும்.

பெற்றோர் பலரும் அறியாத செய்தி மற்றொன்று உண்டு. ஆறு வயதளவில், பாற்பல் வரிசையின் பின்னே, எந்தப் பல்லும் விழாமலேயே, மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு பெரிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. எதுவும் விழவில்லை ஆதலால் இவற்றையும் பாற்பற்கள் என்றே கருதிவிடுகின்றோம். இவை நிலைப்பற்கள். போனால் மீண்டும் வாரா. இவற்றின் மேற்பரப்பில் ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் இருப்பதாலும், ஆறு வயதுப் பிள்ளையின் துலக்கி அவ்வளவு தூரம் எட்டாததாலும், சொத்தை முதலில் பற்றுவது இவற்றைத்தான். என் பெயர்த்தியின் வாயில் இப்பல்லைக் காட்டி, "இது எண்பது வயது வரை உழைக்க வேண்டிய பல்" என்று மருத்துவர் சொன்னபோது, நாற்பதாண்டு ஆசிரியப் பணி புரிந்த எனக்கு அது புதிய பாடமாக இருந்தது. இப்பற்கள் முழுதும் முளைத்தவுடன் அவற்றின் பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைத்துவிடலாம். துளையிடலும் ஊசியும் இல்லை. சில நிமிட வேலை. பல் மருத்துவம் தரும் வசதிகளுள் செலவு குறைந்து பயன் மிகுந்தது இதுவே என்பது என் கருத்து.

விளையாட்டுத் திடலில் பிள்ளைகளுக்கு நேரும் விபத்து ஒன்றையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். நிலைப்பல் அடிபட்டு வேரோடு வெளியே விழுந்தால், அதனை வேர்ப்பகுதியில் தொடாமல் வெண்பகுதியில் பிடித்தெடுத்து, மண்ணிருந்தால் பாலில் சற்று அலசி, இயன்றால் அக்குழியிலேயே பொருத்தி, அல்லது ஒரு கோப்பைப் பாலில் இட்டு, உடனே மருத்துவரிடம் செல்க. அரைமணி நேரத்திற்குள் சென்றால் பல் மீண்டும் வேர்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. துணியால் துடைப்பதும், காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைப்பதும் பல்லைக் கொல்லும். பாற்பல் இவ்வாறு விழுந்தால் மீண்டும் பொருத்துவதில்லை.

எடுப்பான பற்களுக்குக் கம்பி போடுவது பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு வயதில் நன்கு அமையும், பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை பொறுமை வேண்டும்.

குச்சியும் துலக்கியும்

ஆலையும் வேலையும் போற்றும் பழமொழியை அறியாத தமிழர் இலர். அதில் வரும் வேல் வேலமரமே. வேம்பு என்று பலர் பொருள் கொள்கின்றனர். மிஸ்வாக் குச்சி தரும் மரம் சங்க நூல்களில் வரும் உகாய் என்று அறிஞர் கருதுகின்றனர். முறையாகக் கையாண்டால் மிஸ்வாக் பல்லில் படியும் படலத்தை நன்றாகவே நீக்குகின்றது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் முறையாக என்னும் சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். நம்மிற் பலர் முன்பற்களின் வெளிப்புறத்தை மட்டும் தேய்த்துவிட்டுக் குச்சியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கின்றோம். கடைவாய்ப் பற்களின் உட்புறத்தையும் அது சென்று சேர வேண்டும். நுனி நைந்தபின் வெட்டிப் புதுநார் எடுக்க வேண்டும். உளூவின்போது மிஸ்வாக் செய்வோர் அதனை விடவேண்டியதில்லை. இரவில் உறங்குமுன் மென்மையான துலக்கியும் ஃப்ளூரைடு கலந்த பற்பசையும் கொண்டு இரண்டு நிமிடம் துலக்குவதையும் சேர்த்துக்கொண்டால் போதும். ரமலானில் ஸஹர் உணவுக்குப் பின்னர் இதனை மறவாதிருத்தல் நலம். நோன்புக்கால மருத்துவத்தை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டால் பெருநாள் வரை தள்ளிப்போடலாகாது. சட்ட நுணுக்கங்களை ஆலிம்களிடம் கேட்டறிக.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் பசை போதும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட வேண்டும். நிறைய நீர்விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடின் பயன் குறையும். செங்கற்பொடி, கரித்தூள், கொரகொரப்பான பொடிகள் எனாமலைத் தேய்க்கும்.

ஃப்ளூரைடு அளவோடு இருக்க வேண்டிய பொருள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை அது மிஞ்சலாகாது என்பது இந்தியத் தர வரையறை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இது மிகுந்திருந்ததால், ஒரு தலைமுறையே பழுப்பேறிய பற்களோடு வளர்ந்தது. 2013ஆம் ஆண்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அங்கே கொண்டுசேர்த்தது. அக்கறை துலக்கினால் போகாது. பல்லின் நிறத்திலேயே பூச்சிட்டு மறைக்கலாம்.

ஈறு

நடுவயதுக்குப் பின் பற்கள் போவதற்குச் சொத்தையோடு ஈற்று நோயும் பெருங்காரணம். பல்லின் அடியில் தேங்கும் படலம் சில நாட்களில் காரையாக இறுகிவிடும். அதன்பின் துலக்கியால் அகலாது. ஈறு சிவந்து, துலக்கும்போது குருதி கசியும். குருதி கசிகின்றது என்று துலக்குவதையே நிறுத்திவிடுபவர் உண்டு. அது நோயை வளர்க்கும். பின்னர் எலும்பு கரைந்து, பல் ஆடி, தானே விழும். இதிலும் வலி இல்லை.

காரையை மருத்துவர் கருவியால் நீக்குவதைப் 'பல் சுத்தம் செய்தல்' என்கின்றோம். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்னும் நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றியுள்ளது. என் தாயாரும் அவ்வாறே மறுத்தார். உண்மை யாதெனில், எலும்பை இழந்த பல்லைச் சுற்றிக் காரை இறுகி அதனை அசையாமல் பிடித்திருக்கின்றது. காரை நீங்கியபின் முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகின்றது. சில நாள் கூச்சமும் இருக்கும். ஈறு இறுகியபின் இரண்டும் குறையும். இது நேற்று வந்த மருத்துவமும் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபா நகரத்தருகே வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் அறுவை மருத்துவப் பகுதியில், காரையைச் சுரண்டும் கருவிகள் பலவற்றைப் படம் வரைந்து காட்டியுள்ளார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையையும் எழுதியுள்ளார். அவர் வழியில் வந்த சிகிச்சைக்கு நாம் அஞ்சுவானேன் என்று கேட்டபின்னரே என் தாயார் நாற்காலியில் அமர்ந்தார்.

நீரிழிவு உள்ளவர்க்கு ஈற்று நோய் எளிதில் பற்றும். ஈற்று நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஆகவே நீரிழிவு கண்டவுடன் கண்ணையும் காலையும் சோதிப்பதுபோல் வாயையும் சோதிக்க வேண்டும். இதய நோய்க்காகக் குருதி உறையாமைக்கு மாத்திரை உண்பவர் அதனைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தலாகாது.

கருவுற்ற பெண்களுக்கு ஈறு வீங்கிக் குருதி கசிவது மிகுதி. பிள்ளை பிறக்கும்வரை பல்லைத் தொடக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது தவறான அன்பு. தேவையான மருத்துவத்தைச் செய்துகொள்ளலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். தாய்மார் எல்லார்க்கும் பார்த்துவிட்டுத் தமக்குக் கடைசியில் பார்ப்பவர்கள். என் வீட்டில் எட்டு மாதமாக இடப்புறம் மெல்லாமலே உண்டு வந்த என் மனைவியை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கின்றேன்.

வெற்றிலையும் புகையிலையும்

1933ஆம் ஆண்டிலேயே நெய்யூர் மருத்துவமனையைச் சேர்ந்த ஐ. எம். ஆர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலையோடு புகையிலை மெல்பவரிடையே வாய்ப்புற்று மிகுந்திருப்பதை 'லான்செட்' இதழில் எழுதினார். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்று விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு வெளியிட்டது. திருமண வீட்டுத் தாம்பூலத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. நாள்தோறும் கன்னத்தில் அடக்கி வைப்பதைச் சொல்கின்றேன். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெண்படை அல்லது செம்படை, முன்போல் வாய் திறக்க இயலாமை ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் காட்டிவிட வேண்டும். தொடக்கத்தில் கண்டால் தீர்க்கத்தக்க நோய் இது.

இழந்த பின்

ஒரு பல்லை இழந்தால் மூன்று வழிகள் உண்டு. கழற்றி மாட்டும் பல் செலவு குறைந்தது. ஆயின் மெல்லும் ஆற்றல் குறைவு. இருபுறப் பற்களையும் தேய்த்து அவற்றின்மேல் பாலம்போல் கட்டுவது உறுதியானது; ஆனால் நலமான இரண்டு பற்களைத் தேய்க்க நேரிடும். மூன்றாவது, தாடை எலும்பில் டைட்டானிய வேர் பதித்து அதன்மேல் பல் பொருத்துதல். சுவீடன் அறிஞர் பிரானெமார்க், டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை 1950களில் கண்டறிந்து, 1965ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். செலவு மிகுதி, நீரிழிவு கட்டுக்குள் இருக்க வேண்டும், புகைப்பவர்க்குத் தோல்வி வாய்ப்புக் கூடுதல். நடைபாதையில் பசைவைத்து ஒரே நாளில் பல் ஒட்டித் தருவோரிடம் மட்டும் செல்லற்க. பி.டி.எஸ். பட்டமும் பதிவு எண்ணும் கேட்டறிவது நம் உரிமை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த செலவில் இவற்றுட் பலவும் கிடைக்கின்றன. நேரம் மிகுதியாகும் என்பதே குறை. நம் நாட்டில் முறையான பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். அமெரிக்காவில் பயின்று திரும்பிய அவர் 1920ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கிய கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

என் ஆசிரியரையும் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கே அழைத்துச் சென்றோம். முதல் மூன்று மாதம் சர்க்கரையைக் குறைப்பதிலேயே சென்றது. மேல்தாடைக்கு முழுப் பல் செட்டும், கீழ்த்தாடையில் செட்டு நழுவாதிருக்க இரண்டு டைட்டானிய வேர்களும் பொருத்தினர். இரவில் கழற்றி நீரில் இட வேண்டும், வெந்நீர் ஆகாது, நாள்தோறும் துலக்க வேண்டும், எலும்பு தேயத் தேயச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினர். நா பழகும்வரை நாள்தோறும் உரக்கப் படிக்கச் சொன்னார் மருத்துவர். அவர் நாளிதழின் தலையங்கத்தைப் படித்தார். ஆறாம் வாரத்தில் தொலைபேசியில் அழைத்தார். தகரமும் நகரமும் வந்துவிட்டன என்றும், வகரம் மட்டும் இன்னும் சற்றே இழுக்கின்றது என்றும், மன்ற விழா எந்தக் கிழமை என்றும் கேட்டார்.